ஈஸ்ட்டுக்காகக் கத்தியது நான்தான், மச்சான்

வோஸ்,
வெள்ளிக்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் டோர்கில்ஸ் அவர்களுக்கு,

ஏரியின் இந்தக் கரையிலிருந்து தங்கள் தங்கை சிக்னேயின் கணவன் ஸ்டெய்னார் எழுதிக்கொள்வது. இங்கே என் இடுப்பு நீங்கலாக அனைவரும் சௌக்கியம். அந்தக் கரையில் தாங்களும், ஆடுகளும், இவ்வருடத்துக் குட்டிகளும், டிராக்டரும் சௌக்கியம் என்பதை ஞாயிறுதோறும் நீங்கள் சிக்னேயுடன் போனில் பேசும்போது பக்கத்து அறையிலிருந்து தெரிந்துகொண்டுதான் வருகிறேன். நான்கு வருடமாக நாம் பேசிக்கொள்வதில்லை என்பதால் கடிதம் போடுவது முறையா என்று யோசித்தேன். பேசுவதில்லை என்றுதானே ஏற்பாடு, எழுதுவதில்லை என்று இருவருமே சொல்லவில்லையே என்று துணிந்துவிட்டேன்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது அழைப்பு அல்ல. வீட்டில் காய்ச்சிய பீரைத் திறக்கும் நாளுக்கு யாரையும் கூப்பிடக் கூடாது, ஈஸ்ட்டை இறக்கும்போது போடுகிற கத்தலைக் கேட்டு, ஐந்து நாள் எண்ணி, வர வேண்டியவர்கள் தாமாக வர வேண்டும் என்பது உங்கள் வீட்டு வழக்கம். முப்பத்தெட்டு வருடம் உங்கள் குடும்பத்தில் குப்பை கொட்டியவனுக்கு அது தெரியாமல் போகுமா. வரும் ஞாயிறு பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு உங்களுக்கு அச்சடித்த அட்டை வந்தது எங்கள் மாப்பிள்ளையின் வேலை. அவர் பெர்கன்காரர், விவரம் போதாது. "அட்டை போட்டுக் கூப்பிட நான் என்ன பல் டாக்டரா?" என்று நீங்கள் கேட்டதாகச் சிக்னே சொன்னாள். நியாயமான கேள்வி. ஆகவே மறுபடி அட்டையெல்லாம் அனுப்ப மாட்டேன். போன சனிக்கிழமை மாலை ஏரி முழுக்க எதிரொலித்த சத்தத்தைப் பற்றி ஊரில் ஆளுக்கு ஒன்று பேசுவதால், அதற்கு விளக்கம் தருவது மட்டுமே இக்கடிதத்தின் நோக்கம்.

அந்த அட்டை விவகாரத்துக்குப் பிறகு சிக்னே என்ன சொன்னாள் தெரியுமா. மாவு பிசைந்துகொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "இந்தா பாரு ஸ்டெய்னார். அண்ணன் இல்லாத மேசையில நான் கேக் வெட்ட மாட்டேன். நீயே வெட்டிக்கோ, நீயே தின்னுக்கோ." உங்கள் தங்கை வாயில் வந்ததை எத்தனை முறை மாற்றியிருக்கிறாள் என்று உங்களுக்கே தெரியும். ஒரு முறைகூட இல்லை. நானும் யோசித்தேன். உங்களைக் கூப்பிடக் கூடாது. கூப்பிடாமலும் நீங்கள் வர வேண்டும். அதற்கு இருக்கிற ஒரே வழி, நல்ல கனமான பீராகக் காய்ச்சி, ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி கத்துவது. அதாவது, வழக்கப்படி கத்துவது. உங்களுக்காக என்று அல்ல.

நான்கு வருடத்துக்கு முந்தைய அந்த நாளைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன், எழுதிவிடுகிறேன். உங்கள் வீட்டில், உங்கள் மேசையில், மரக்கிண்ணம் சுற்றி வருகிறது. ஒவ்வொருவரும் ஒரு மடக்குக் குடித்து, சுவரைப் பார்த்து, கொஞ்ச நேரம் கழித்து "மோசமில்லை" என்கிறார்கள். இந்த ஊரில் அதற்கு மேல் பாராட்டுக் கிடையாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் நான் ஹாமாரில் பிறந்தவன், மச்சான். கிழக்குப் பக்கத்து ஆட்கள் நாங்கள் கொஞ்சம் வாய்விட்டுச் சொல்லிவிடுவோம். கிண்ணம் என்னிடம் வந்தது, குடித்தேன், என்னை மறந்து "அற்புதம்" என்றேன். நீங்கள் கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கினீர்கள், "கிண்டல் பண்றதுக்கு உனக்கு வேற இடம் கெடைக்கலையா?" என்றீர்கள், எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டீர்கள். சொந்த வீட்டை விட்டே வெளிநடப்பு செய்த ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இருட்டும்வரை காத்திருந்தோம், நீங்கள் திரும்பவில்லை. கடைசியில் விருந்தாளிகளே பாத்திரம் கழுவிவைத்துவிட்டு வந்தோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்களைப் போல நூற்றைம்பது லிட்டர் செம்புக் கொப்பரையும், அதன் கீழே பிர்ச் விறகும் வைத்துக் காய்ச்ச எங்கள் வீட்டில் ஏது இடம். ஆகவே எல்லாம் ஒன்றிலேயே முடிகிற மின்சாரப் பாத்திரம் ஒன்று வரவழைத்தேன். முளைகட்டி உலர்த்திய பார்லி மால்ட்டை ஊறவைப்பது, வடிப்பது, கொதிக்கவைப்பது எல்லாம் அந்த ஒரே உருளையில். அடியில் சூடேற்றும் தகடு, உள்ளே தானியக் கூடை, பக்கத்தில் சாற்றை மேலும் கீழும் சுற்றவிட ஒரு பம்பு, முன்னால் எண் காட்டும் திரை. தப்பு நடந்தால் பீப் என்று கத்தும். சிக்னே சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல துணியும் தொவைக்கலாமா?" என்று கேட்டாள். நான் அதன் திரையைத் துடைத்துவிட்டேன். முப்பத்தொரு வருடம் ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசித்தவன் நான், ஒரு எந்திரத்துக்கு மரியாதை கொடுக்கத் தெரிந்தவன்.

உங்கள் பீரைக் காய்ச்சிப் புளிக்கவிடுமுன் சர்க்கரைக் கனம் அளக்கும் மிதவைக் கோலைப் போட்டால் ஆயிரத்துத் தொண்ணூறு காட்டும் என்பது ஊர் அறிந்த செய்தி. வெறும் தண்ணீரில் ஆயிரம். அந்தத் தொண்ணூறுதான் உங்கள் கௌரவம் என்றும் தெரியும். நானும் அதில் ஒன்றுகூடக் குறையக் கூடாது என்று முடிவு கட்டினேன். எந்திரத்தோடு வந்த புத்தகத்தில் எட்டுக் கிலோ மால்ட்டுக்கு மேல் போடாதே என்று தடித்த எழுத்தில் இருந்தது. அது யாரோ வலுவில்லாத பீர் குடிக்கிறவன் எழுதியது என்று நினைத்துப் பன்னிரண்டு கிலோ போட்டேன். அதோடு விட்டேனா. நீங்கள் கொப்பரை அடியில் ஜூனிப்பர் கிளைகளைப் பரப்பி வடிகட்டுவீர்களே, அது இல்லாமல் என்ன வோஸ் பீர் என்று பக்கத்து வீட்டு பெர்க்லியோட்டிடம் கேட்டு அவள் தோட்டத்திலிருந்து ஒரு கட்டு வெட்டி வந்து அடியில் பரப்பினேன். செம்புக் கொப்பரைக்குப் பம்பு கிடையாது, இதற்கு உண்டு என்பது அப்போது என் மண்டையில் உறைக்கவில்லை. பத்தே நிமிடம். ஜூனிப்பரின் ஊசி இலை முழுக்கப் பம்புக்குள் போய் அடைத்துக்கொண்டது. கூடைக்குள்ளே மால்ட் களி மாதிரி இறுகிவிட்டது. மேலே ஊற்றிய சாறு கீழே இறங்கவில்லை, கீழே இருந்த தகடு காய ஆரம்பித்தது, எந்திரம் பீப், பீப் என்று அலறியது. சிக்னே உள்ளே வந்து, "அதுக்கு என்ன வேணுமாம்?" என்றாள். "அவகாசம்" என்றேன்.

கூடையைத் தூக்கினால்தான் சாறு வடியும். நனைந்த மால்ட்டோடு கூடையின் கனம், சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு வளர்ந்த கிடா இருக்கும். ஒரு விரக்கடை தூக்கினேன், இடுப்பில் ஏதோ டொக்கென்றது, கீழே விட்டுவிட்டேன். அப்போதுதான் தலைக்கு மேலே அந்தக் கொக்கி கண்ணில் பட்டது. மகள் ஈடுன் பேத்தியோடு வரும்போது குழந்தை குதித்து விளையாட சமையலறை உத்தரத்தில் ஒரு ஸ்பிரிங் ஊஞ்சல் மாட்டி வைத்திருக்கிறாள். குழந்தையைத் தாங்குகிறது, கூடையைத் தாங்காதா என்று நானும் சிக்னேயும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து மாட்டிவிட்டோம். தாங்கியது, மச்சான், அதைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் ஸ்பிரிங் அல்லவா. கூடை மேலே போயிற்று, கீழே வந்தது, மேலே போயிற்று, ஒவ்வொரு முறை கீழே வரும்போதும் சாறு நாலா பக்கமும் தெறித்தது, நான் பிடிக்கப் போனேன், அது என் நெஞ்சில் இடித்து இன்னும் வேகமாக ஆடியது. சிக்னே மூலையில் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "பேத்திகூட இப்படிக் குதிச்சதில்ல ஸ்டெய்னார்" என்றாள். நாலு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அதற்காகவே இன்னொரு கூடை மாட்டலாம் என்று தோன்றியது.

மாட்டவும் வேண்டியதாயிற்று. ஆடி ஓய்ந்ததும் மிதவைக் கோலைப் போட்டுப் பார்த்தால் ஆயிரத்து ஐம்பத்திரண்டு. பன்னிரண்டு கிலோவைக் கொட்டி ஐம்பத்திரண்டு. அளவுக்கு மேல் திணித்தால் மால்ட் தன் சர்க்கரையை விடாதாம், அதுவும் புத்தகத்தில் இருந்தது, அடுத்த பக்கத்தில். சிக்னே ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஞானஸ்நானம் யாருக்கோ அவளுக்கே குடுக்கலாம்" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பம்பைக் கழற்றி ஊசியைப் பொறுக்கினேன், பழைய மால்ட்டைப் பெர்க்லியோட்டின் கோழிகளுக்குக் கொட்டினேன், அதே சாற்றில் புதிதாக எட்டுக் கிலோ மால்ட்டை இரண்டாவது முறை ஊறவைத்தேன். இந்தத் தடவை புத்தகம் சொன்னபடி. எழுபத்தைந்து வந்தது. மீதிப் பதினைந்தைக் கொதிக்கவைத்து வற்றச் செய்துதான் எடுக்க வேண்டும், அதற்கு நான்கு மணி நேரம்.

நான்கு மணி நேரக் கொதி என்றால் நான்கு மணி நேர மின்சாரம். அன்றைக்கே சிக்னேயும் ஞாயிற்றுக்கிழமை மேசைக்காக மின்சாரக் கல்லில் லெஃப்சே ரொட்டி சுட உட்கார்ந்தாள். இரண்டும் ஒரே இணைப்பு. பாத்திரம் கொதிக்கும், கல் காயும், டப்பென்று ஃபியூஸ் போகும். நான் நிலவறைக்கு இறங்கி ஃபியூஸைத் தூக்கிவிட்டு ஏறி வருவதற்குள் மறுபடி டப். ஐந்தாவது தடவை சிக்னே மாவுக் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, "உன் பீரா, என் ரொட்டியா, ஒண்ணு சொல்லு" என்றாள். கடைசியில் கால அட்டவணை போட்டோம். இருபது நிமிடம் பீர், இருபது நிமிடம் ரொட்டி. பழக்க தோஷம், ஒவ்வொரு மாற்றத்தையும் நான் சமையலறை வாசலில் நின்று அறிவித்தேன்: "கவனிக்கவும். இரண்டு மணி பத்து நிமிடத்துக்குக் கொதிக்க வேண்டிய பீர், ரொட்டி காரணமாக இருபது நிமிடம் தாமதம்." அவளும் சளைக்காமல், "பயணிகளுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு ரொட்டி வருந்தாது" என்றாள். நடுவில் அடிப்பிடித்து எந்திரம் தானாக அணைந்ததையும், ஆவியில் சுவர்த்தாள் ஒரு பக்கம் உரிந்து தொங்கியதையும், புகைமணி இரண்டு முறை அடித்ததையும் விரிவாக எழுதவில்லை. மாலை ஐந்தரைக்கு மிதவைக் கோல் ஆயிரத்துத் தொண்ணூற்றிரண்டு காட்டியது. இருபத்தேழு லிட்டரில் ஆரம்பித்தது பதினான்கில் நின்றது. தொண்ணூற்றிரண்டு, மச்சான். எண்ணை இரண்டு தடவை எழுதியதற்கு மன்னிக்கவும்.

இனி அந்தச் சத்தம். சாறு ஆறிக் கைச்சூட்டுக்கு வந்ததும் ஈஸ்ட்டை இறக்க வேண்டும், இறக்கும்போது கத்த வேண்டும், கத்தல் எவ்வளவோ அவ்வளவுதான் பீரின் வேகம். இதில் நான் என்ன லட்சணம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. "ஸ்டெய்னார் கத்தினா பக்கத்துல தூங்குற பூனை காதைக்கூட ஆட்டாது" என்று என் கல்யாணத்திலேயே சொன்னவர் நீங்கள். என்ன செய்வது, முப்பத்தொரு வருடம் மெல்லப் பேசினால் போதும், மற்றதை ஒலிபெருக்கி பார்த்துக்கொள்ளும். ஓய்வு பெற்றபோது சக ஊழியர்கள் கொடுத்த கை ஒலிபெருக்கி ஒன்று அலமாரியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு, வாங்கிவைத்த ஈஸ்ட் பொட்டலத்தையும் சாற்றுப் பீப்பாயையும் பால்கனிக்குக் கொண்டுபோய், ஏரியைப் பார்த்து நின்றேன். அந்தக் கரையில் உங்கள் வீட்டுப் புகைபோக்கி தெரிந்தது. பொட்டலத்தைக் கிழித்துக் கொட்டினேன். கைப்பெருக்கியை வாயில் வைத்தேன். என் வாயில் வந்தது இதுதான்: "கவனிக்கவும். ஈஸ்ட் இப்போது பீப்பாயில் இறங்கிக்கொண்டிருக்கிறது. மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கும்படி கேட்டுக்கொள்கிறோம்."

கீழே ரயில் நிலையத்து நடைமேடையில் காத்திருந்தவர்கள் எல்லோரும் ஓரடி பின்னால் போனதைக் கண்ணால் பார்த்தேன். சிக்னே பின்னாலிருந்து, "கத்தச் சொன்னா அறிவிப்பு வாசிக்கிற. இதக் கேட்டு யாரு வருவா?" என்றாள். குரலில் சிரிப்பு இல்லை. அவள் அந்தப் புகைபோக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குள் என்ன நடந்தது என்று எனக்கே தெரியவில்லை. கைப்பெருக்கியைக் கீழே வைத்தேன். நான்கு வருடம் பக்கத்து அறையில் உட்கார்ந்து உங்கள் ஆடுகளின் நலத்தைக் கேட்டது, கல்யாணத்துப் பூனை, அந்த ஒரு சொல், எல்லாம் சேர்ந்து அடிவயிற்றிலிருந்து வந்தது. கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்பது இங்கே தேவையில்லை. ஏரி அதை வாங்கி அந்தப் பக்கத்து மலையில் அடித்துத் திருப்பிக் கொடுத்தது. பறவைகள் எழும்பின. பிறகு அமைதி. உங்கள் வீட்டுப் பக்கம் ஓர் அசைவும் இல்லை. கதவு திறக்கவில்லை, விளக்கு எரியவில்லை. கால் மணி நேரம் நின்று பார்த்தேன்.

அசைந்தது பெர்க்லியோட் வீட்டில். யாரோ ஏரியில் மூழ்குகிறார்கள் என்று அவள் மீட்புக் குழுவுக்குப் போன் போட்டுவிட்டாள். அரை மணியில் ஒரு படகு ஏரியைச் சுற்றியது, ஆரஞ்சு உடுப்பில் ஐந்து பேர் கரையில் ஓடினார்கள். குழுத் தலைவர் ஏவுடுன் எங்கள் கதவைத் தட்டினார். "இங்கேருந்துதான் சத்தம் வந்துச்சுன்னாங்க. யாருக்காவது அடிபட்டுச்சா?" "இல்ல. ஈஸ்ட் போட்டேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பீப்பாயைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். "எத்தன?" "தொண்ணூத்திரண்டு." தலையை ஆட்டிவிட்டு, நிகழ்வுப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் 'ஈஸ்ட்' என்று எழுதிக்கொண்டு, காபி குடித்துவிட்டு, போகும்போது வாசலில் நின்று, "அப்போ வியாழக்கிழமையா?" என்று கேட்டுப் போனார்.

ஆனால் மறுநாள் ஞாயிறு மத்தியானம் வரை பீப்பாய் செத்த பிணமாகக் கிடந்தது. ஒரு குமிழி இல்லை. காதை வைத்துக் கேட்டேன், ஒன்றும் இல்லை. அவ்வளவு கனமான சாற்றை அந்தப் பொட்டல ஈஸ்ட் தன் ஆயுளில் பார்த்திருக்காது, பார்த்ததும் பயந்து செத்திருக்கும். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. சிக்னே போனில் உங்களோடு வழக்கம்போலப் பேசி முடித்தாள், சால்வையைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள், ஐந்து நிமிடத்தில் ஒரு ஜாம் ஜாடியோடு வந்தாள். அடியில் கூழ் மாதிரி ஈஸ்ட். "எங்கேருந்து?" என்றேன். "பெர்க்லியோட் குடுத்தா" என்றாள். பெர்க்லியோட் பீர் காய்ச்சி நான் பார்த்ததில்லை, ஆனால் மூழ்குகிறவன் கயிறு யாருடையது என்று கேட்பானா. தொண்டை கட்டிப்போயிருந்ததால் இரண்டாவது முறை கத்தவில்லை, மரியாதையாக வணக்கம் சொல்லி இறக்கினேன்.

மூன்றே மணி நேரம். பீப்பாய் உறும ஆரம்பித்தது. அதை வெதுவெதுப்பான இடம் என்று குளியலறையில் வைத்திருந்தேன். அங்கேதான் பேத்தியின் ஞானஸ்நான உடுப்பும் தொங்குகிறது என்பதை நான் கவனிக்கவில்லை, உங்கள் அம்மா பின்னிய அந்த வெள்ளை உடுப்பு. சாயங்காலம் மூடி டமாரென்று பறந்தது. நுரை உத்தரம் வரை அடித்திருக்கிறது. உடுப்பின் ஒரு கையும் முன்பக்கமும் பழுப்பு. சிக்னே மூன்று நாள் அலசினாள், எலுமிச்சை போட்டாள், வெயிலில் காயவைத்தாள். இப்போது முழு உடுப்பும் ஒரே சீராக இளம்பழுப்பாக இருக்கிறது. ஈடுன் கேட்டால் அறுபது வருடத்து நூல் பழுப்பேறத்தான் செய்யும் என்று சொல்வதாக முடிவு. லேசாக மால்ட் வாசனை வரும். நீங்கள் ஒன்றும் தெரியாதது போல இருந்துவிடுங்கள். அதாவது, நீங்கள் வருவதாக இருந்தால். இது அழைப்பு அல்ல.

நேற்று வியாழக்கிழமை பீப்பாயைத் திறந்தோம். யாரையும் கூப்பிடவில்லை. ஆறு மணிக்குப் பெர்க்லியோட் வந்தாள். ஏவுடுனும் அவருடைய ஐந்து பேரும் வந்தார்கள், இந்த முறை ஆரஞ்சு உடுப்பு இல்லாமல். நடைமேடையில் ஓரடி பின்னால் போனவர்களில் இரண்டு பேர், பெயர்கூடத் தெரியாது, "சத்தம் கேட்டுச்சு" என்று வந்தார்கள். கிண்ணம் சுற்றியது. ஒவ்வொருவரும் ஒரு மடக்குக் குடித்துச் சுவரைப் பார்த்தார்கள், உரிந்து தொங்கிய சுவர்த்தாளைத்தான். ஏவுடுன் கிண்ணத்தை இறக்கி, மீசையைத் துடைத்து, "ம். மோசமில்ல" என்றார். பெர்க்லியோட் இரண்டாவது மடக்குக் குடித்துவிட்டு, "மோசமே இல்ல" என்றாள். நான் எழுந்து குளியலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கொண்டேன். அழுதேன் என்று ஒளிக்காமல் சொல்கிறேன்.

ஆனால் திரும்பி வந்தபோது சிக்னே ஜன்னலோரம் நின்றிருந்தாள். வாசல் கதவைத் திறந்தே வைத்திருந்தாள், எல்லோரும் போன பிறகும். இருட்டுகிற நேரம்வரை அந்தக் கரையிலிருந்து கார் விளக்கு ஒன்றும் கிளம்பவில்லை. ஆக, மச்சான், என் கத்தல் ஏரியைத் தாண்டவில்லை. பூனையைப் பற்றி நீங்கள் சொன்னது சரிதான். தெரியப்படுத்த வேண்டியது முறை என்பதால் தெரியப்படுத்தினேன். தொண்ணூற்றிரண்டு வந்தது. யாருடைய உதவியும் இல்லாமல், யாருடைய ஈஸ்ட்டும் இல்லாமல், ஒரு மின்சாரப் பாத்திரத்தில் நானே காய்ச்சினேன். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் ஞானஸ்நானம் பதினோரு மணிக்கு நடக்கும், கேக்கை நான் வெட்டிக்கொள்வேன். எனக்கு ஒன்றும் குறையில்லை.

தங்கள் ஆடுகளுக்கு நல்ல புல்லும், டிராக்டருக்கு நல்ல பாட்டரியும், தங்கள் மூட்டுக்கு நல்ல வெயிலும் கிடைக்க வேண்டுகிறேன். சிக்னே தன் அன்பைத் தெரிவிக்கச் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை அவளே தெரிவிப்பாள்.

என்றும் தங்கள் மரியாதைக்குரிய தங்கையின் கணவன்,
ஸ்டெய்னார்.

பி.கு. கவரை ஒட்டும்முன் சிக்னே வாங்கிப் படித்தாள். லெஃப்சே தின்றுகொண்டே கடைசிவரை படித்துவிட்டு, "யாருடைய ஈஸ்ட்டும் இல்லாமலா?" என்று கேட்டாள். "பெர்க்லியோட் ஈஸ்ட்டை விட்டுட்டேன், சேக்கணுமா?" என்றேன். "அவகிட்ட ஏது ஈஸ்ட். அது அண்ணனோடது. நம்ம தபால் பெட்டியில இருந்துச்சு" என்றாள். நான் உட்கார்ந்துவிட்டேன். "ஞாயித்துக்கிழமை போன்ல சொல்லுச்சு. சனிக்கிழமை கொட்டகையில நின்னுட்டிருந்துச்சாம், மலையில அடிச்சு அண்ணன் பேரு வந்துச்சாம். டோர்கில்ஸ்னு. 'என் பேரச் சொல்லித்தான் கத்துறான், அந்தக் கத்தலுக்குக் கடை ஈஸ்ட் தாங்காது, விடியக்காலமே ஜாடிய வெச்சிட்டு வந்துட்டேன், அவன்கிட்ட சொல்லாத'ன்னுச்சு. இன்னிக்குக் காலையில மறுபடி போன் பண்ணுச்சு, நேத்து வரலாம்னுதான் இருந்துச்சாம், ஒரு ஆடு குட்டி போட்டுச்சாம்." இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லாதன்னுச்சே" என்றாள். வேறு என்ன சொன்னார் என்றேன். லெஃப்சேயின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். "கத்தலப் பத்தி ஒண்ணு சொல்லுச்சு. மோசமில்லைன்னுச்சு."

இரண்டாவது பி.கு. தபால்காரர் இனித் திங்கட்கிழமைதான் வருவார், ஆகவே இதை நானே கொண்டுவந்து உங்கள் தபால் பெட்டியில் போடுகிறேன். கூடவே உங்கள் ஜாடி இருக்கும், கழுவி, அடியில் புது ஈஸ்ட் நிரப்பி. மேலே எழுதியதில் அழைப்பு அல்ல என்று இருக்கிற இடங்களையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு பதினோரு மணி. ஏழு லிட்டர் மிச்சம் இருக்கிறது, ஒருவரையும் தொடவிடவில்லை. இன்னொன்று. நான்கு வருடத்துக்கு முன் உங்கள் மேசையில் நான் குடித்த அந்த பீரைப் பற்றித் தவறாகச் சொல்லிவிட்டேன், இப்போது திருத்திக்கொள்கிறேன். அது மோசமில்லை, மச்சான்.